யாரும் படிக்காத ஒரு பதிவு: கனெக்டிகட் வாடகை வழக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், வில்லிமான்டிக் என்ற ஊரில், ஒரு தாய் தன் அபார்ட்மென்ட் நிர்வாகத்திடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். அவர் அந்த வளாகத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர். அங்கேயே இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு மாறி, மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மகன் அப்போது பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்தார். முந்தைய ஆண்டு ஜூலையில் மின்சாரம் தாக்கி உயரத்திலிருந்து விழுந்தவர் அவர். நடை போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை. அம்மாவையே நீதிமன்றம் அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலராக நியமித்திருந்தது.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், மகனின் குற்றப் பின்னணி.

அந்தப் பின்னணி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2014இல், விபத்துக்கு முன், பென்சில்வேனியாவில் ஒரு கடையில் பொருள் திருடியதாக அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு பதிவாகியிருந்தது. அந்த மாநிலச் சட்டத்தில் இருப்பதிலேயே சிறிய வகைக் குற்றம் அது. தண்டனை எதுவும் இல்லை, அந்தக் குற்றச்சாட்டே பின்னர் திரும்பப் பெறப்பட்டது. படுக்கையிலிருந்து பிறர் உதவியில்லாமல் எழ முடியாத ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆபத்து என்று இந்த ஒற்றைப் பதிவை வைத்து முடிவாகிவிட்டது. முடிவாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் முடிவெடுத்தவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதற்கே பல வருடம் கோர்ட்டில் போராட வேண்டியிருந்தது. இந்த வழக்கை நான் இவ்வளவு விரிவாக எழுத அதுதான் காரணம்.

அலுவலகத் திரையில் வந்த வரி

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு கேட்டால் விண்ணப்பக் கட்டணம் கட்டி, பிறந்த தேதி முதல் சோஷியல் செக்யூரிட்டி எண் வரை எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அதை ஒரு ஸ்கிரீனிங் நிறுவனத்துக்கு அனுப்புவார். அந்த நிறுவனம் கடன் வரலாறு, வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போடப்பட்ட பழைய வழக்குகள், குற்றப் பதிவுகள் ஆகியவற்றைத் தேடித் தரும். இந்த வழக்கில் அந்த வேலையைச் செய்தது கோர்லாஜிக் என்ற நிறுவனம். அவர்கள் விற்ற சேவையின் பெயர் கிரிம்சேஃப்.

அது வேலை செய்யும் முறை எளியது. பல மாநில நீதிமன்றங்களிலிருந்து திரட்டிய பதிவுகளில் விண்ணப்பதாரரின் பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துத் தேடும். கிடைக்கும் பதிவை ஏதாவது ஒரு குற்ற வகையில் போடும். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை வருடம் பின்னோக்கிப் பார்ப்பது, தண்டனை ஆனவற்றை மட்டும் பார்ப்பதா, தண்டனை ஆகாதவற்றையும் சேர்ப்பதா என்பதை வீட்டு நிர்வாகம் முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கும். அந்த அமைப்புக்குள் பதிவு விழுந்தால் அலுவலகத் திரையில் ஒரு வாசகம் வரும். தகுதியைக் கெடுக்கும் பதிவுகள் கிடைத்திருக்கின்றன, அவை இந்த விண்ணப்பதாரருடையவைதானா என்று சரிபார்த்துவிட்டு உங்கள் வளாகத்தின் விதிப்படி நடந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம்.

அந்த அலுவலக ஊழியரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். என்ன குற்றம் என்று திரையில் இல்லை. எந்த வருடம் என்று இல்லை. வழக்கு என்ன ஆயிற்று என்றும் இல்லை. விவரங்களை வளாக ஊழியர்களுக்குக் காட்டாமல் மறைத்துவைக்கும் வசதி அந்தச் சேவையில் இருந்தது. அதை இந்த நிர்வாகம் தேர்ந்தெடுத்திருந்தது. சரிபாருங்கள் என்று சொல்லும் திரை, சரிபார்க்க எதையுமே தரவில்லை. அவர் என்ன செய்வார்? மறுப்புக் கடிதம்தான் அனுப்புவார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டபோது நானும் இப்படி ஒரு திரையின் முன் உட்கார்ந்திருக்கிறேன். வேறு நிறுவனம், ஆனால் அதே ஏற்பாடு. வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாவற்றிலும் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் படித்து எது வேண்டும் எது வேண்டாம் என்று யோசிக்க எனக்கு அன்று நேரம் இல்லை, வேலை முடிந்து வந்த அசதி வேறு. அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தபோதுதான் அன்று நான் செய்தது என்னவென்று உறைத்தது. இன்னும் முகம் தெரியாத ஒருவர் விஷயத்தில் அப்போதே முடிவெடுத்துவிட்டு, அதை எடுத்தது நான்தான் என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பேச முடியாதவரிடம் கேட்ட கையெழுத்து

நிராகரிப்பைக் கேட்ட தாய்க்கு முதலில் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் பையன் என்ன செய்தான்? அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டு நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் இந்த ஸ்கிரீனிங் அறிக்கைகளுக்கும் பொருந்தும். தன்னைப் பற்றி நிறுவனத்திடம் இருக்கும் கோப்பைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அறிக்கையை வைத்து வீடு மறுக்கப்பட்டால் 60 நாட்களுக்குள் கேட்டு ஒரு பிரதியை இலவசமாகவே வாங்கலாம்.

அம்மா கேட்டார். நிறுவனமோ மகன் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும் என்றது. பேச்சு போன, தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத ஒருவரால் அப்படி ஒரு பத்திரத்தைத் தர முடியாது. அதற்காகத்தானே நீதிமன்றம் அம்மாவைப் பாதுகாவலராகப் போட்டது? அந்த நியமனச் சான்றிதழை அனுப்பினார். அதில் நீதிமன்ற முத்திரை தெளிவாகத் தெரியவில்லை என்று ஏற்க மறுத்தார்கள். ஒரு முத்திரைக்காக, மகன் மேல் இருக்கும் குற்றச்சாட்டு என்னவென்றே அறியாமல் அந்தத் தாய் அலைந்துகொண்டிருந்தார். மகன் பராமரிப்பு இல்லத்திலேயே கிடந்தார்.

கனெக்டிகட் ஃபேர் ஹவுசிங் சென்டர் என்ற அமைப்பு இந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றது. நிர்வாகத்தின் மேல் புகார் கொடுத்து, 2017 ஜூனில் மகன் அம்மாவோடு குடிவர அனுமதி கிடைத்தது. விண்ணப்பித்துப் பதினான்கு மாதம் கழித்து.

வழக்கில் எழுந்த கேள்வி

வீடு கிடைத்த பிறகும் அவர்கள் விடவில்லை. 2018 ஏப்ரலில் தாயும் அந்த அமைப்பும் கோர்லாஜிக்கின் மேல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வீட்டுக்காரர் மேல் அல்ல, மென்பொருள் விற்றவர் மேல். வழக்கின் புதுமை இதில்தான் இருக்கிறது.

1968ஆம் ஆண்டு நியாயமான குடியிருப்புச் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், உடல் அல்லது மன ஊனம், குழந்தைகள் உள்ள குடும்பம் ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கிறது. (கடைசி இரண்டும் 1988இல் சேர்ந்தவை.) குற்றப் பின்னணி இந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் சட்டம் எப்படி உள்ளே வருகிறது? ஒரு விதி பார்வைக்குப் பொதுவாக இருந்தாலும், அதன் அடி ஒரு இனத்தார் மேல் மட்டும் அதிகமாக விழுந்தால், அதற்குத் தக்க காரணம் காட்ட முடியாவிட்டால், அதுவும் பாகுபாடுதான். இந்த வாதம் செல்லும் என்று 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு டெக்சஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றது.

அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை 2016 ஏப்ரல் 4 அன்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வில்லிமான்டிக்கில் அந்தத் தாய் விண்ணப்பித்த அதே மாதம். அதில் சொல்லப்பட்ட கணக்குகள் கனமானவை. அமெரிக்காவில் ஏதாவது ஒரு குற்றப் பதிவு உள்ள பெரியவர்கள் 10 கோடிப் பேர் வரை இருக்கலாம். 2014இல் மக்கள்தொகையில் 12 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், சிறையில் 36 சதவீதம். ஆகவே பதிவு இருந்தாலே வீடில்லை என்று மொத்தமாக மறுக்கும் விதியை நியாயப்படுத்த முடியாது; கைது நடந்தது என்பதால் மட்டும் குற்றம் செய்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது; குற்றம் எப்படிப்பட்டது, எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்க்க வேண்டும் என்றது அந்த வழிகாட்டுதல். வழிகாட்டுதல் என்பது சட்டம் அல்ல, அரசு மாறினால் அதுவும் மாறக்கூடியது. ஆனாலும் மேலே சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்தத் துறையின் தாளில் தங்கியிருப்பது அல்ல.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். போதைப்பொருள் தயாரித்ததற்கோ விற்றதற்கோ தண்டனை பெற்றவரை மறுத்தால், அந்த மறுப்பைச் சட்டத்தின் உரையே காப்பாற்றுகிறது. வெறும் வைத்திருந்த குற்றத்துக்கு அந்த விலக்கு இல்லை.

கோர்லாஜிக், நாங்கள் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் இல்லை, இந்தச் சட்டம் எங்களைத் தொடாது என்று வாதிட்டது. 2019 மார்ச்சில் நீதிபதி வனெசா பிரையன்ட் அதை ஏற்காமல் வழக்கு நடக்கட்டும் என்றார். ஸ்கிரீனிங் தொழிலில் இருந்த எல்லோரும் அன்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். 2022இல் ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரித்தார். 2023 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு இரண்டு துண்டு. கோப்பைத் தராமல் அம்மாவை அலைக்கழித்ததில் நிறுவனம் கடன் அறிக்கைச் சட்டத்தை மீறியது என்றார் நீதிபதி. ஆனால் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அது பொறுப்பாகாது. எந்த வகைக் குற்றம், எத்தனை வருடம், தண்டனை ஆகாத பதிவு சேருமா என்று அமைத்தது வீட்டு நிர்வாகம். வந்த முடிவை வைத்து என்ன செய்வது என்று தீர்மானித்ததும் வீட்டு நிர்வாகம். மென்பொருள் வடிகட்டித் தந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு இரண்டு மனம். விவரத்தை மறைக்கும் வசதியையும், தண்டனை ஆகாத பதிவைச் சேர்க்கும் கட்டத்தையும் செய்து விற்றவர் முற்றிலும் வெளியே நிற்பது சரியென்று என் மனம் ஒப்பவில்லை. விற்பவர் அந்த வசதியைத் தராமல் இருந்திருந்தால் அந்த ஊழியர் குறைந்தபட்சம் கடைத் திருட்டு என்ற சொல்லையாவது படித்திருப்பார். அதேசமயம், நீதிபதி சொன்னதன் மறுபக்கம் வீட்டுக்காரர்களுக்கு மிக முக்கியமானது. கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்ற பேச்சு இனி எடுபடாது. கட்டத்தில் டிக் போட்டவர்தான் முடிவெடுத்தவர்.

வீட்டுக்காரர் பயம் பொய்யில்லை

இதைப் படிக்கும் வீட்டுக்காரர்கள் சிலருக்குக் கோபம் வந்திருக்கும். நியாயம்தான். 1970இல் வாஷிங்டனில் ஒரு அபார்ட்மென்ட் வழக்கில், கட்டடத்தின் பொது வழியில் குடியிருப்பவருக்கு நேரக்கூடிய, எதிர்பார்க்கக்கூடிய குற்றத்தைத் தடுக்க உரிமையாளர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆளை விசாரிக்காமல் விட்டுவிட்டு நாளை ஏதாவது நடந்தால் நம் தலையில் விழுமே என்ற பயம் அன்றிலிருந்து இருக்கிறது. அரசு உதவி பெறும் வீடுகளில் சில மறுப்புகள் கட்டாயமே. வாழ்நாள் முழுக்கப் பாலியல் குற்றவாளிப் பட்டியலில் இருக்க வேண்டியவருக்கும், அத்தகைய குடியிருப்பிலேயே மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளைத் தயாரித்துத் தண்டனை பெற்றவருக்கும் அங்கே இடமில்லை.

ஆனால் பழைய பதிவு நாளைய வாடகைதாரரைப் பற்றி எவ்வளவு சொல்லும்? மினசோட்டாவில் வைல்டர் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தேடியது. குறைந்த வருமானக்காரர்களுக்கான வாடகை வீடுகளில் குடியேறிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் விவரத்தைப் பார்த்தார்கள். 15 வகைக் குற்றங்களில் 11 வகை, அவர்கள் அந்த வீட்டில் ஒழுங்காகக் குடியிருந்தார்களா என்பதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. மீதி வகைகளிலும் வருடம் ஆக ஆக அந்த வித்தியாசம் தேய்ந்துபோனது. பின்னோக்கிப் பார்க்கும் வருடக் கணக்கை ஏழு என்று வைப்பதற்கும் மூன்று என்று வைப்பதற்கும் நடுவில் எத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஏழு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. தண்டனையில் முடியாத கைதுப் பதிவை ஏழு வருடத்துக்குப் பிறகு அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்கிறது கடன் அறிக்கைச் சட்டம். தண்டனைப் பதிவுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் கால எல்லையே கிடையாது. இதற்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் வைத்த எல்லையைப் பலர் இவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்ற அளவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல், பதிவு அந்த ஆளுடையதுதானா என்பது. ஒரே பெயர், அருகருகே பிறந்த தேதி என்று வேறொருவரின் குற்றம் இவர் கணக்கில் ஏறிவிடும். இப்படிப்பட்ட தளர்வான பொருத்தங்களுக்காக ரியல்பேஜ் நிறுவனம் 2018இல் 30 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. துல்லியத்தைக் கவனிக்காததற்காக ஆப்ஃபோலியோ 2020இல் 42.5 லட்சம் டாலர். இரண்டும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் போட்ட வழக்குகள்.

தடை போட்டுப் பார்த்த ஊர்கள்

சியாட்டில் 2017இல் துணிந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. குற்றப் பின்னணியைக் கேட்கவும் கூடாது, அதை வைத்து மறுக்கவும் கூடாது. பாலியல் குற்றவாளிப் பட்டியல் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. சிறு வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச்சில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், கேட்கவே கூடாது என்ற பகுதி பேச்சுரிமைக்கு விரோதம் என்று நீக்கிவிட்டு, மறுக்கக் கூடாது என்ற பகுதியை நிற்கவிட்டது. கேட்கலாம், ஆனால் பதிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. வீட்டுக்காரர் எதற்காகக் கேட்பார் என்று அந்தத் தீர்ப்பைப் படித்த நாளிலிருந்து யோசிக்கிறேன்.

நியூ ஜெர்சியின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. 2022 தொடக்கத்திலிருந்து அங்கே முதலில் வருமானம், பழைய வாடகை வரலாறு ஆகியவற்றைப் பார்த்து, உங்களுக்கு வீடு தருகிறோம் என்று நிபந்தனையோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் குற்றப் பதிவைப் பார்க்கலாம். குற்றத்தின் கடுமைக்குத் தக்கபடி எத்தனை வருடம் பின்னோக்கிப் போகலாம் என்பதையும் சட்டமே சொல்கிறது. சிகாகோ இருக்கும் குக் கவுன்டியிலும் கிட்டத்தட்ட இதே இரண்டு படி. நியூயார்க் நகரில் 2025 ஜனவரி முதல் சிறு குற்றங்களுக்கு மூன்று வருடம், பெருங்குற்றங்களுக்கு ஐந்து வருடம்தான் பார்க்கலாம். இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், ஒருவர் மாதாமாதம் வாடகை கட்டியவர், பழைய வீட்டுக்காரர் நல்லபடி சொல்கிறார் என்று தெரிந்த பிறகு பதிவைப் படிக்கும் கண் வேறு. பதிவை முதலில் பார்த்துவிட்டால் மற்ற எதையும் படிக்கத் தோன்றாது.

வில்லிமான்டிக் வழக்கில் இந்த வரிசை இருந்திருந்தால்? அந்தத் தாய் வளாகத்திலேயே குடியிருப்பவர் என்பது முதல் தாளிலேயே தெரிந்திருக்கும். வரப்போகிறவர் எப்படிப்பட்ட நிலையில் இருக்கிறார் என்பது இரண்டாவது தாளில். அதற்குப் பிறகு கடைத் திருட்டுக் குற்றச்சாட்டு ஒன்று வந்திருந்தால் எந்த ஊழியரும் அதை ஒரு காரணமாக எடுத்திருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த ஊழியர் கெட்டவர் இல்லை. அவருக்கு எதுவும் காட்டப்படவில்லை.

நான் இப்போது செய்வது

கீழ்ப்பகுதி போன வருடம் மறுபடி காலியானது. இந்த முறை கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தண்டனை ஆகாதவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வருடத்தைக் குறைத்தேன். விவரம் இல்லாமல் வெறும் முடிவு மட்டும் தரும் வகை அறிக்கையை வாங்கவில்லை. வாடகை வரலாற்றையும் வருமானத்தையும் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மீதியைத் திறந்தேன்.

அவர் பெயரில் ஒரு பழைய தண்டனை இருந்தது. வாடகைக்கும் அக்கம்பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத விஷயம், விவரம் இங்கே வேண்டாம். போனில் கூப்பிட்டு, வீட்டுக்கு வாங்க, ஒரு விஷயம் பேசணும் என்றேன். அறிக்கையை வைத்து ஒருவரை மறுத்தால் அந்த அறிக்கையை அவருக்குக் காட்டக் கூடாது என்று ஸ்கிரீனிங் நிறுவனம் வீட்டுக்காரரைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. மறுப்பதாக இல்லாதபோதும், அவரைப் பற்றிய தாளை அவரிடமே கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. வந்தார். கைகளைக் கோத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன் அந்த இரண்டு பக்கத்தையும் அவரிடம் நீட்டினேன். மெதுவாகப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு தேதியைக் காட்டி, இது தப்பு, இன்னும் இரண்டு வருஷம் முன்னாடி நடந்தது என்றார்.